போயானின் தோளில் நான்கு விரல்கள்

லேப்டாப் இரைவது ராலிட்சாவுக்குப் புதிதல்ல. ஏழு வருடக் கிழம் அது. ஒரு போட்டோவைத் திறக்கச் சொன்னால் பெருமூச்சு விடும், இரண்டைத் திறந்தால் சண்டைக்கே வந்துவிடும். அன்றைக்கு அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது வேறு. அவள் எதையுமே திறக்கவில்லை. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போடப் போனவள் கோப்பையோடு திரும்பி வந்தபோது, டான்யூப் நதியிலிருந்து ஏறிவந்த மூடுபனி ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தை எட்டு மாடியோடு விழுங்கியிருக்க, ரூசே நகரமே வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்த அந்த அமைதியில், மேசை மேல் அது மட்டும் உயிரைக் கொடுத்து இரைந்துகொண்டிருந்தது. அடியில் கை வைத்தாள். சுட்டது. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது, ஈரத்துணியில் உப்பு காய்கிற வாடை. ஹீட்டர் மேல் காயப்போட்ட துண்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எது இவ்வளவு வேலை வாங்குகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். இரைச்சல் பட்டென்று அடங்கியது. ப்ராசஸர், மூன்று சதவீதம். மூடினாள். ஐந்து எண்ணுவதற்குள் மறுபடி எழுந்தது. திறந்தாள், மூன்று சதவீதம். மூடினாள், இரைச்சல். வாத்தியார் தலை தெரிந்ததும் வாயை மூடிக்கொள்ளும் வகுப்பு மாதிரி இருந்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சிரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. மறுநாள் அவள் கணவன் போயான் இறந்து ஆறு மாதம். அவன் படம் போட்ட நினைவுத்தாளைச் சாயங்காலத்துக்குள் அச்சடித்து, விடிந்ததும் கட்டடத்தின் வாசல் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டியாக வேண்டும். நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறாம் மாதத்துக்கு ஒரு தாள், வருடத்துக்கு ஒரு தாள் என்று ஊரில் யாருக்கும் விட்டுப்போவதில்லை. விட்டால் பேச்சு வரும். அதிலும் ராலிட்சா விட்டால் கட்டடமே வாயில் போட்டு மெல்லும், ஏனென்றால் ஊருக்கெல்லாம் அந்தத் தாள்களைச் செய்துகொடுப்பதுதான் ஒன்பது வருடமாக அவள் பிழைப்பு.

தன் நினைவுத்தாளுக்கு என்று யாரும் போட்டோ எடுத்து வைப்பதில்லை. கல்யாணத்தில் எடுத்தது, கடற்கரையில் எடுத்தது, யாரோ ஒருவருடைய பிறந்தநாளில் எடுத்தது, அப்படித்தான் வரும். பக்கத்தில் நிற்பவர்களை வெட்டிவிட்டு இறந்தவரை மட்டும் எடுக்க வேண்டும். வெட்டினாலும் பாதிப் படங்களில் தோள்மேல் ஒரு கை மிஞ்சி நிற்கும். இந்த வேலையில் அவள் முதலில் கற்றது அந்தக் கையை எடுப்பதைத்தான். பக்கத்திலிருக்கும் சட்டையின் நிறத்தைத் தொட்டு விரலின் மேல் ஒற்ற வேண்டும், வானத்தின் நிறத்தைத் தொட்டு முடியின் மேல் ஒற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் அங்கே ஒரு கை இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். உயிரோடிருப்பவரின் கை இறந்தவரின் தாளில் இருக்கக் கூடாது. மனைவிமார் கை, நண்பர்கள் கை, மணப்பெண்ணின் மோதிரக் கை என்று நூற்றுக்கணக்கான கைகளை அவள் எடுத்திருக்கிறாள். ஒரே ஒரு கையைத்தான் எடுக்காமல் விட்டாள்.

அது ஜூலையில் அஹ்தோபோல் கடற்கரையில் அவளே எடுத்த படம். போயான் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். அவர்களுடைய எட்டு வயது மகள் நெவேனா மஞ்சள் நீச்சலுடையில் அவன் பக்கத்தில் நின்று, வலது கையை அவன் தோளில் போட்டிருந்தாள். அதற்கு அடுத்த மாதம் டான்யூப் எல்லைப் பாலத்தின் முன்னால் நின்ற லாரி வரிசையில், தான் ஓட்டிவந்த லாரியின் ஸ்டியரிங் மேல் சாய்ந்தபடி போயான் இறந்துபோனான். பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. நாற்பதாம் நாள் தாளுக்கு மகளை வெட்டினாள். கட்டத்துக்குள் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சின. கன்றிச் சிவந்த தோளில் நான்கு சின்ன விரல்கள். அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தாளை ஒட்டிய அன்றே கீழ்வீட்டு ஸ்டோய்னா அத்தை மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டாள்.

“ஏன்டி, ஊர் பிணத்துக்கெல்லாம் ஒழுங்கா செஞ்சு குடுக்கறவ, உன் புருஷனுக்கு இப்படியா செய்வ? உசுரோட இருக்கற பிள்ளை கையப் போய்ச் செத்தவன் தாள்ல வச்சிருக்கியே!”

“விரல்தானே அத்தை.”

“விரல் யாரோடது? கிழிச்சிட்டு வேற ஒட்டு.”

“அவ விரலை நான் எப்படி அத்தை அழிப்பேன்?” என்று கேட்டு ராலிட்சா அழுதுவிட்டாள். அழுபவளிடம் என்ன பேசுவது? ஸ்டோய்னா போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு நெவேனாவுக்கு ஒரு பச்சைக் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்ததோடு சரி, அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

மதியம் தம்பி க்ரூமுக்குப் போன் செய்தாள். அவன் வார்னாவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன்.

“டேய், திறந்து பாத்தா நல்ல பிள்ளையா இருக்கு. மூடினா கத்துதுடா.”

“உன்ன மாதிரியே இருக்குக்கா. அம்மா பாத்தா பூனை, பாக்கலைன்னா புலி.”

“விளையாடாத. நாளைக்கு உங்க அத்தானுக்கு ஆறு மாசம். இன்னும் தாள் அடிக்கல.”

அவன் குரல் இறங்கியது. “சரி சரி. சில திருட்டு ப்ரோகிராம் அப்படித்தான்க்கா. யாராவது பாக்கறாங்கன்னு தெரிஞ்சா மூச்சு விடாது. பாக்கலைன்னா உன் மெஷினை வச்சு தன் வேலையை முடிச்சுக்கும்.”

“என்ன வேலை?”

“யாருக்குத் தெரியும். கணக்கு போடும், படம் போடும். ப்ரௌசரை மூடு. தேவையில்லாம தானா ஆரம்பிக்கறது எல்லாத்தையும் நிறுத்து. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணு. அப்புறம் பின்பக்கம் தூசி தட்டு. எத்தனை வருஷத் தூசி இருக்கோ, அதுல உருளைக்கிழங்கே நடலாம்.”

எல்லாம் செய்தாள். ஸ்க்ரூவைக் கழற்றி, போயானின் பழைய சவரப் பிரஷ்ஷால் விசிறியின் இறகுகளைத் துடைத்தாள். தூசி அதிகமில்லை. இறகுகளுக்கு நடுவே வெளிர் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது. விரலில் ஒற்றிப் பார்த்தாள். மணல். நாலாவது மாடியில், பிப்ரவரி மாதத்தில் மணல் எங்கிருந்து வரும்? கோடையில் லேப்டாப் பைக்குள் ஒட்டியிருந்திருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு மூடி திருகினாள். வைரஸ் சோதனையை ஓட விட்டாள். அது ஓடும்போது வேறெதையும் திறந்து வைக்காதே என்று க்ரூம் சொல்லியிருந்தான். அதனால் டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பின்னால் இரைச்சல் எழுந்தது.

ஊரெல்லாம் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்தை ஒரு வாரம் மூடியிருந்தார்கள். நெவேனாவுக்குக் காய்ச்சல் வரவில்லை, விடுமுறை மட்டும் கிடைத்தது. பச்சைக் கம்பளிச் சட்டையில், சமையலறை மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். கோடுகள் கோணல்மாணலாக ஓடின. பென்சில் இடது கையில் இருந்தது.

“ஏன் கண்ணு இடது கையில?”

“வலது கை தூங்கிடுச்சும்மா. முதல்ல விரல் தூங்கிச்சு. இப்ப மணிக்கட்டும் தூங்குது.”

ராலிட்சா அந்தக் கையை எடுத்துத் தேய்த்தாள். குளிர்ந்திருந்தது. வெளியே போய்வந்த கையின் குளிர் அல்ல, வெகுநேரம் தண்ணீரில் கிடந்த கையின் குளிர். விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன.

“தண்ணில விளையாடினியா?”

“இல்லையே.”

காய்ச்சல்தான் வருகிறது, வேறென்ன என்று நினைத்தாள். லிண்டன் பூவைக் கொதிக்கவைத்துத் தேன் விட்டுக் கொடுத்தாள். இடது கையால் கோப்பையைப் பிடித்து மகள் குடிப்பதைப் பார்த்தபடி நின்றாள். அறையில் லேப்டாப் இன்னும் வேகமாக இரைந்தது.

மூன்று மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது சோதனை முடிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

“அப்படின்னா இப்படிப் பாப்போம்,” என்றான் க்ரூம் போனில். “அது எதையோ செய்யுதுன்னா, செஞ்சதை எங்கயாவது எழுதி வைக்கணும். எந்த ஃபைல் கடைசியா மாறிருக்குன்னு நேர வரிசையில போட்டுப் பாரு.”

போட்டாள். பட்டியலின் தலையில் நின்றது ‘போயான் நாற்பது’. செப்டம்பருக்குப் பிறகு அவள் தொடாத ஃபைல். கடைசியாக மாறிய நேரம் மூன்று பதினெட்டு. திரையின் மூலையில் பார்த்தாள். மணி மூன்று பதினெட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூன்று பத்தொன்பது ஆனது, ஃபைலின் நேரமும் மூன்று பத்தொன்பது ஆனது. அளவு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு போட்டோவுக்கு எதற்கு அத்தனை இடம்? ஒரு முழுச் சினிமா பிடிக்கும் இடத்தை அது பிடித்திருந்தது.

“அப்புறம் பேசறேன்டா,” என்று வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தாள்.

வட்டம் சுற்றியது. போயானின் தலை மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக வந்தது. முடி, நெற்றி, வெயிலுக்குச் சுருக்கிய கண், கழுத்து, தோள். தோளில் நான்கு விரல்கள். தாளின் கறுப்புக் கரை. கரைக்கு அப்பால் ஒன்றும் இருக்கக் கூடாது. அவள்தானே வெட்டியது. கட்டத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள்.

கரைக்கு அப்பால் புறங்கை இருந்தது. மணிக்கட்டு இருந்தது. அதற்கப்பால் ஒரு சட்டைக் கையின் விளிம்பு, பிறகு முழங்கை. முழங்கைக்குப் பிறகு படம் பொடிப்பொடியாகச் சிதறி வெறுமையில் முடிந்தது.

வெட்டியது உள்ளே எங்கோ தங்கியிருந்து இப்போது மேலே வந்திருக்கிறது என்று நினைக்கப் பார்த்தாள். அப்படி நடக்கும்தான். ஆனால் ஜூலையில் நெவேனாவின் கை வெறுங்கை. இது பச்சைக் கம்பளி. கிறிஸ்துமஸுக்கு ஸ்டோய்னா பின்னியது. முழங்கையில் பழுப்புத் தோல் ஒட்டு. போன ஞாயிற்றுக்கிழமை ராலிட்சா தன் கையால் தைத்தது. நூல் போதாமல் கடைசி மூன்று தையலைக் கறுப்பு நூலில் போட்டிருந்தாள். படத்திலும் கடைசி மூன்று தையல் கறுப்பாக இருந்தது.

“அம்மா!” சமையலறையிலிருந்து குரல் வந்தது. “இப்ப முழங்கை வரைக்கும் தூங்கிடுச்சும்மா!”

இது என்ன, எப்படி, ஏன் என்று ராலிட்சா கேட்டுக்கொள்ளவில்லை. கை தானாகப் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தது. இரைச்சல் நின்றது. மூன்று சதவீதம்.

“நெவா! இப்ப எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு. மேல ஏறல.”

மேல ஏறல. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபைலை மூடிவிட்டு அதை அழிக்கப் பார்த்தாள். முடியாது, வேறொரு நிரல் பயன்படுத்துகிறது என்றது. எந்த நிரல்? பட்டியலில் மேலிருந்து கீழ்வரை தேடினாள். பெயரே இல்லாத ஒரு வரி இருந்தது. அதை நிறுத்தச் சொன்னாள். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

“என் வீட்ல எனக்கே அனுமதி இல்லையா?” என்று வாய்விட்டுக் கேட்டாள்.

அப்போதுதான் அந்தத் தவறைச் செய்தாள். நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. விளக்குகள் அணைந்தன. ராலிட்சா மூச்சை வெளியே விட்டாள்.

விசிறி நிற்கவில்லை.

கறுத்த திரைக்குப் பின்னால் அது இன்னும் வேகமாகச் சுற்றியது. இப்போது டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. அதற்கு இனி ஒளியத் தேவையில்லை. இரைச்சல் ஏறி ஏறிச் சன்னமாகி, தூரத்தில் அலை உடைவதுபோல் வந்து வந்து போயிற்று. மேசை அதிர்ந்தது. காபிக் கோப்பை நகர்ந்தது. வயரைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. உப்பு வாடை மூக்கில் ஏறியது.

சமையலறையில் நெவேனா அலறினாள்.

பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். வயரைச் செருகினாள். திரை மெல்ல வெளுத்தது. இந்தக் கிழம் எழுந்து உட்கார நான்கு நிமிடம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். வழக்கமாக அந்த நேரத்தில் பல் தேய்ப்பாள். இப்போது நின்றபடி, இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “சீக்கிரம், சீக்கிரம், உன் காலில் விழறேன், சீக்கிரம்,” என்று அதனிடம் கெஞ்சினாள். வட்டம் சுற்றியது. ஒரு நிமிடம். தோள் தூங்கிடுச்சும்மா. இரண்டு நிமிடம். அம்மா, கழுத்து. மூன்று. வட்டம் நின்றது. மறுபடி சுற்றியது.

பிறகு சமையலறையிலிருந்து சத்தமே வரவில்லை.

திரை வந்தது. டாஸ்க் மேனேஜர். மூன்று சதவீதம். ஓடினாள்.

நெவேனா நாற்காலியில் ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. அழவில்லை. எதையோ உன்னித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நெவா, அம்மா கூப்பிடறது கேக்குதா?”

“இந்தக் காதுல கேக்குது. அந்தக் காதுல கேக்கல. அதுல கடல்தான் கேக்குது.” கொஞ்சம் யோசித்தாள். “அப்பாவும்.”

“அப்பா என்ன சொல்றார்?”

“கொஞ்சம் நகருங்கறார். நான் போட்டோல சரியா விழலையாம்.”

ராலிட்சா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். கன்னத்தின் வலப்பக்கம் ஈரமாக, கல் மாதிரி குளிர்ந்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடலாம். ஓடினால் திரையை யார் பார்ப்பார்கள்? போயான் எப்போதும் சொல்லுவான், இந்தக் குட்டி இல்லாமல் நான் எங்கேயும் போகமாட்டேன் என்று. ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன்னால் வாசலில் நின்று சொல்லுவான். அப்போதெல்லாம் அவளுக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. இப்போது அவனை வெறுத்தாள். செத்த பிறகு முதல்முறையாக, முழு மனதோடு வெறுத்தாள்.

அறைக்குத் திரும்பியபோது சதவீதம் நான்காக இருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்து.

டாஸ்க் மேனேஜர் திறந்துதான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆறு. விசிறி மெல்ல முனகியது. அதற்குப் பயம் விட்டுப்போய்க்கொண்டிருந்தது.

க்ரூமை அழைத்தாள்.

“க்ரூம், ஒரு ஃபைலை அழிக்க விடமாட்டேங்குது. என்ன பண்ணட்டும், சீக்கிரம் சொல்லு.”

“அக்கா, ஏன் குரல் இப்படி இருக்கு? நெவா நல்லாருக்காளா?”

“சொல்லுடா!”

“அழிக்க முடியலைன்னா உள்ள இருக்கறத அழி. திறந்து, வேண்டாததை எடுத்துட்டு அதே பேர்ல சேவ் பண்ணு. அதைத் தடுக்காது. அக்கா? அக்கா, லைன்ல இருக்கியா?”

போனை வைத்துவிட்டாள். பத்து.

ஃபைலைத் திறந்தாள். கையும் தோளும் கழுத்தும் முழுதாக நின்றன. பச்சைக் காலர், சடையின் நுனி, ஒரு காது, கன்னத்தின் விளிம்பு. கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரம் இருந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில் வெறுமையில் பொடிகள் கூடிக்கொண்டிருந்தன. அவள் பார்க்கப் பார்க்க.

எங்கே தொடங்குவது? எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கேதான். இந்த வேலை அவளுக்குத் தெரியும். உலகத்தில் வேறெது தெரியாவிட்டாலும் இது தெரியும். கடலின் நிறத்தைத் தொட்டாள். பகலில் எடுத்த கடல், நீலமும் சாம்பலுமாக. சுண்டுவிரல் மேல் ஒற்றினாள். லேப்டாப் திணறி, இரண்டு நொடி கழித்துக் கீழ்ப்படிந்தது. சுண்டுவிரல் போயிற்று. மோதிரவிரல். நடுவிரல். போயானின் தோல் நிறத்தைத் தொட்டு அவன் தோளைச் சரிசெய்தாள். சேவ் செய்தாள். இந்தக் கிழத்தோடு பழகியவளுக்கு நாலு தரம் தொட்டால் ஒருதரம் சேவ் செய்யும் பழக்கம். ஆள்காட்டிவிரல். புறங்கை. மணிக்கட்டு. சேவ். சட்டைக் கையின் மேல் கடலை ஒற்றிக்கொண்டே போனாள். தோல் ஒட்டு, கறுப்புத் தையல், முழங்கை. சேவ்.

விசிறி நின்றது.

உண்மையாகவே நின்றது. அவள் டாஸ்க் மேனேஜரை மூடினாள். ஐந்து எண்ணினாள். பத்து எண்ணினாள். இருபது. அமைதி. ஹீட்டர் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. கீழே ஸ்டோய்னா வீட்டில் தொலைக்காட்சி கேட்டது. உப்பு வாடை இல்லை. தொடுப்பை அறுத்துவிட்டாள். படத்தில் போயான் தன் பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். தோள் சுத்தமாக இருந்தது, ஒன்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவள் எதையும் எடுத்ததில்லை. ஓரத்தில் மிஞ்சியிருந்த நெவேனாவின் தோளையும் காதையும் காலரையும் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள்.

சமையலறையில் கோப்பை விழுந்து உடைந்தது.

“பரவால்ல கண்ணு! அம்மா வந்து கூட்டறேன். கை முழிச்சுக்குச்சா?”

சின்னக் காலடிகள் கூடத்தைக் கடந்து வந்தன.

நெவேனா வாசல் நிலையில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. வலியில்லாத முகம். குழம்பிய முகம். பச்சைச் சட்டையின் வலது கை முழங்கையிலிருந்து தட்டையாகத் தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லாத துணி தொங்குகிற மாதிரி.

“கோப்பையை எடுக்கப் போனேன்மா,” என்றாள். “எடுக்க ஒண்ணும் இல்ல.”

இடது கையால் அந்தத் துணியை மெல்லச் சுருட்டி மேலே தூக்கிக் காட்டினாள். ரத்தம் இல்லை. காயம் இல்லை. முழங்கைக்கு மேலேயே கை வழவழப்பாக முடிந்திருந்தது. முடிந்த இடம் தோலின் நிறத்தில் இல்லை. நீலமும் சாம்பலுமாக, பகலில் எடுத்த கடலின் நிறத்தில் இருந்தது.

ராலிட்சா கத்தவில்லை. கத்த நேரமில்லை. பின்வாங்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. நிரலை மூடாதவரை, செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பலாம். சேவ் செய்திருந்தாலும் திருப்பலாம். மகளிடமிருந்து கண்ணை எடுக்காமல் விசைப்பலகையைத் தடவி அழுத்தினாள். ஒருமுறை. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. மறுபடி. மறுபடி.

திரை வெளுத்தது. படத்தின் மேல் பால் ஊற்றியதுபோல் ஒரு மங்கல் படர்ந்தது. நடுவில் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

நிரல் பதிலளிக்கவில்லை. மூடவா? காத்திருக்கவா?

மூடினால் பின்வாங்கும் வழி போய்விடும். கடைசியாகச் சேவ் செய்ததுதான் மிஞ்சும். கையில்லாதது.

காத்திருந்தால் விரல்கள் வரும். மணிக்கட்டு வரும். முழங்கை வரும். எல்லாம் மறுபடி அவன் தோளில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு கன்னம். பிறகு கண்.

விசிறி எழுந்தது. டாஸ்க் மேனேஜர் தானாகத் திறந்துகொண்டது. நூறு சதவீதம். அது ஒளியவில்லை.

“அம்மா,” என்றாள் நெவேனா வாசலிலிருந்து. “கையைக் குடும்மா.”

“இரு கண்ணு. இரு. அங்கேயே நில்லு.”

காத்திரு என்பதை அழுத்தினாள். வட்டம் சுற்றியது. ஜன்னலில் பனி இருட்டிவிட்டது. அறையில் திரையின் வெளிச்சம் மட்டும்தான். அந்த வெளிச்சத்தில் மகள் நின்ற இடத்தைப் பார்த்தாள். இடது கையால் வெறும் சட்டைக் கையைப் பிடித்தபடி, அறையின் மறுகோடியில், நிலையில் சாய்ந்து, அசையாமல் நின்றாள்.

அப்போது ராலிட்சாவின் தோள்மேல் நான்கு விரல்கள் வந்து உட்கார்ந்தன. சின்ன விரல்கள். ஈரமாக இருந்தன. மணல் ஒட்டியிருந்தது.